சுவார்ட்ஸ் ஐயரின் பிள்ளைகள்

தஞ்சாவூரில் பெரிய கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், சிவகங்கைப் பூங்காவை ஒட்டி ஒரு பழைய தேவாலயம் நிற்கிறது. 1779இல் கட்டியது. ஊரார் அதைச் சுவார்ட்ஸ் சர்ச் என்பார்கள். உள்ளே வெள்ளைப் பளிங்கில் ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. லண்டனில் ஜான் பிளாக்ஸ்மன் என்ற பேர்பெற்ற சிற்பி செதுக்கி, கப்பலேறி வந்தது. கட்டிலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சாகக் கிடக்கிறார். தலைப்பாகையும் அங்கியுமாக ஒரு மராட்டிய இளவரசர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

இளவரசர் இரண்டாம் சரபோஜி. சரஸ்வதி மகால் நூலகத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட யாருக்கும் அறிமுகம் தேவைப்படாதவர். கட்டிலில் கிடப்பவர் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ், ஜெர்மானியப் பாதிரியார். சிற்பத்துக்குச் சொல்லியனுப்பியவரும் பணம் கொடுத்தவரும் சரபோஜியேதான்.

ஆனால் பளிங்கு காட்டும் அந்தக் காட்சி, அப்படியே நடந்ததல்ல. 1798 பிப்ரவரி 13ஆம் தேதி மாலை சுவார்ட்ஸின் உயிர் பிரிந்தபோது அவரைத் தாங்கிக்கொண்டிருந்தவை அவரோடு ஊழியம் செய்த தமிழர்களின் கைகள். சரபோஜி சில மாதங்களுக்கு முன்பு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். மறுபடி வந்தது உடலைப் பார்க்கத்தான். கடைசி மூச்சின்போது தன்னால் இருக்க முடியாத இடத்தில், கல்லிலாவது தன்னை நிறுத்திக்கொள்ள அவர் விரும்பினார் போலும். எந்தப் பிள்ளைக்கும் தோன்றக்கூடிய விருப்பந்தான். இங்கே அந்தப் பிள்ளை சிவபூசை செய்கிற ராஜா, தகப்பனோ திருமணமே செய்துகொள்ளாத பாதிரி என்பதுதான் கதை.

தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும் தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவத்துக்கும் உள்ள உறவு சுவார்ட்ஸோடு தொடங்கவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய முதல் மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு, சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் பறிகொடுத்தவர். சாகும் தருவாயில் தாய், உங்களுக்கு ஒரு புதையல் வைத்திருக்கிறேன், வேதப் புத்தகத்தில் தேடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னதாக அவரைப் பற்றிய வரலாறுகள் சொல்கின்றன. அவரை உருவாக்கிய பக்தி மரபின் தலைமையிடம் ஜெர்மனியின் ஹாலே நகரம். அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற பேராசிரியர் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய அநாதை இல்லம், பள்ளிகள், அச்சகம், மருந்துச்சாலை என்று ஒரு சிறு நகரமாகவே வளர்ந்திருந்தது. தரங்கம்பாடியில் தமிழ் அச்சேறியதற்கு எழுத்துகள் வார்த்து அனுப்பியதும் ஹாலேதான். ஆக, தமிழில் முதலில் அச்சான புதிய ஏற்பாட்டுக்குப் பின்னால் ஓர் அநாதையும் ஓர் அநாதை இல்லமும் இருக்கின்றன.

சுவார்ட்ஸ் 1726இல் பிரஷ்யாவின் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அது போலந்தில் இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். இவனைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன், வளர்ந்தபின் ஊழியத்துக்குப் போகக் கேட்டால் தடுக்காதீர்கள் என்று கணவரிடமும் ஊர்ப் போதகரிடமும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். நேர்ந்துவிடுதல் என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. ஹாலேயில் படிக்கப் போன இளைஞருக்கு, சென்னையிலிருந்து திரும்பியிருந்த பெஞ்சமின் ஷூல்ட்சே தமிழ் சொல்லிக்கொடுத்தார். தமிழ் வேதாகமத்தை ஹாலேயில் அச்சிடும் திட்டம் ஒன்றிருந்தது. அது கைகூடவில்லை, கற்ற தமிழ் தங்கிவிட்டது. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்ஸ், அதன்பின் சாகும்வரை 48 ஆண்டுகள் ஒருமுறைகூட ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை.

திருச்சிராப்பள்ளியில் அவர் வாழ்ந்த விதத்தை வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். பழைய கட்டடம் ஒன்றில், கட்டிலும் ஆளும் மட்டும் அடங்கும் ஓர் அறை. ஆண்டுக்கு 48 பவுன் வருமானம். சோறும் காய்கறியும் சாப்பாடு. கறுப்புச் சாயம் போட்ட பருத்தித் துணியில் அங்கி. கோட்டைப் பட்டாளத்துக்கு ஜெபம் நடத்துவார்; மீதி நேரம் உபதேசியார்களோடும் பிள்ளைகளோடும் கழியும். காலையில் ஜெபம் முடித்து உபதேசியார்களை ஊர்களுக்கு அனுப்புவார். மாலையில் அவர்கள் திரும்பிவந்து, யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம் என்று ஒப்பிப்பார்கள். பொறுப்பான தகப்பன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரிப்பதுபோல.

அங்கே வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துச் சிப்பாய்கள் பலர் செத்தார்கள். தெருவில் நின்ற அவர்களுடைய பிள்ளைகளுக்காகச் சுவார்ட்ஸ் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1779இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை ஹைதர் அலியிடம் சீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பியபோது வேறொரு பள்ளிக்கு வழி பிறந்தது. வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதைக் கொண்டுவந்து சென்னை அரசிடம் கட்டப் போனார்; வேண்டாம், நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி தொடங்க அதுவே முதல் நன்கொடையாயிற்று. கம்பெனியோடு போரிட்ட ஹைதரின் பணம், கம்பெனியின் தூதர் தொடங்கிய பள்ளியில் அநாதைப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்திருக்கிறது. வரலாறு சில நேரம் தானாகவே நையாண்டி செய்யும்.

அடுத்த ஆண்டே ஹைதர் படையெடுத்து வந்தார். தஞ்சைச் சீமை பாழாகி, பஞ்சம். கோட்டைக்குள் நெல் இல்லை. வெளியே இருந்தவர்களிடம் நெல்லும் இருந்தது, வண்டி மாடும் இருந்தது. ஆனால் அரசன் பேச்சையும் கம்பெனி பேச்சையும் நம்பிக் கொண்டுவர ஆளில்லை. விலை கிடைக்கும், மாடு திரும்பும் என்று சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்தபிறகே வண்டிகள் நகர்ந்தன. கொடுத்த வாக்கின்படி ஒவ்வொருவருக்கும் கணக்குத் தீர்த்தார். தஞ்சை அரசர் துளஜாஜி அவரைப் பார்த்த பார்வை அதற்குப் பிறகு வேறாயிற்று என்று கொள்ளலாம். பிற்பாடு தன் பிள்ளையை ஒப்படைக்க ஆள் தேடியபோது அரசருக்கு இந்தப் பாதிரியின் முகந்தான் நினைவுக்கு வந்தது.

கூட்டம் கூட்டமாக வளர்ந்த அநாதைப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பார்த்தாலும், சுவார்ட்ஸ் கையில் தனியாக வளர்ந்தவர்கள் என்று மூன்று பேரைச் சொல்லவேண்டும். ஒருவர் ஜான் காஸ்பர் கோல்ஹாஃப். தரங்கம்பாடி மிஷனரி ஒருவரின் மகன். தந்தை உயிரோடு இருந்தார். இருந்தும் சின்னப் பிள்ளையாகவே சுவார்ட்ஸிடம் வந்து, அவருடனேயே வளர்ந்தார். 1787 ஜனவரியில் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். பெற்ற தகப்பன், வளர்த்த தகப்பன் இருவரும் அந்த ஆராதனையில் இருந்தார்கள். பின்பு 1844இல் சாகும்வரை தஞ்சாவூரிலேயே ஊழியம் செய்தார். நல்ல பிள்ளை, அவரைப் பற்றிச் சொல்ல வேறு சிக்கல் ஒன்றும் இல்லை.

இரண்டாமவர் வேதநாயகம். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். தகப்பனார் தேவசகாயம் பிள்ளை உபதேசியார், புலவரும்கூட. கிளாரிந்தா என்ற மராட்டிய பிராமண விதவை பாளையங்கோட்டையில் கட்டிய ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்ய 1785இல் சுவார்ட்ஸ் அங்கே போயிருந்தார். தாயில்லாமல் நின்ற, படிப்பில் மனம் ஓடாத பையனைக் கண்டார். தஞ்சாவூர் கூட்டிப்போகிறேன், என் பிள்ளையாக வளர்க்கிறேன் என்று கேட்டார். ஒரே மகனை விட மனம் வராமல் தகப்பன் தயங்கியதாகவும், கடைசியில் பையனே புறப்பட்டுவிட்டதாகவும் வேதநாயகத்தின் குடும்பத்தில் சொல்வழக்கு உண்டு. எப்படியோ, 12 வயதையொட்டி அவர் தஞ்சாவூரில் இருந்தார். 19 வயதில் அங்கே உபதேசியார்களைப் பயிற்றும் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர்.

மூன்றாமவரின் கதைதான் நீளம்.

துளஜாஜிக்கு மகன், மகள், பேரன் எல்லாரும் போய்விட்டார்கள். அவரும் நோயாளி. 1787இல், தாயாதிக் கிளையிலிருந்து ஒன்பது வயதுப் பையனைத் தத்தெடுத்துச் சரபோஜி என்று பெயரிட்டார். சுவார்ட்ஸை அழைத்து, இவன் என் மகன் அல்ல, உம்முடைய மகன் என்ற பொருளில் பேசி, பையனின் கையை அவர் கையில் வைத்தார்.

இந்த இடத்தில் சுவார்ட்ஸ் சொன்ன பதிலை அவரே பிற்பாடு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பக்திக் கதைகளில் வருகிற மிஷனரியாக இருந்தால் பிள்ளையை மார்போடு அணைத்திருப்பார். இவர் மறுத்தார். உங்களுக்குத் தம்பி ஒருவர் இருக்கிறார்; பிள்ளையை என்னிடம் விட்டால் ராஜ்யத்தில் கலகம் வரும், பிள்ளையின் உயிருக்கே ஆபத்து; நான் இவனை மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை பார்க்கலாம், அதற்குமேல் என்னால் ஆகாது; தம்பியைக் கூப்பிட்டு அவரைத் தகப்பனாக இருக்கச் சொல்லுங்கள் என்றார். அரசர் யோசித்து, தம்பி அமர்சிங்கை அழைத்துப் பையனை ஒப்படைத்தார். சில நாளில் இறந்தும் போனார்.

நியாயமான பதில். அரசியல் தெரிந்தவரின் பதில். அதைப் போலத் தவறாய்ப் போன பதிலும் இல்லை.

பண்டிதர்கள் கூடி, தத்து சாஸ்திரப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். கம்பெனி அமர்சிங்கை அரியணையில் ஏற்றியது. சித்தப்பா ராஜாவானதும் பையன் அரண்மனைக்குள்ளேயே கைதியானான். வெளிச்சம் புகாத அறை, வெளியாட்களோடு பேச்சில்லை. சுவார்ட்ஸ் விசாரித்தபோது, அந்த வயதிலும் பையனுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை என்று தெரிந்தது. ஓர் இளவரசனைக் கொல்ல நஞ்சுதான் வேண்டுமென்பதில்லை; எழுத்தறியாமல் வளர்த்துவிட்டாலே போதும்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு முறைக்குமேல் ஆகாது என்றவர், அடுத்த பத்தாண்டை இந்தப் பையனுக்காகவே கிட்டத்தட்டச் செலவிட்டார். சென்னை கவர்னருக்கு எழுதினார், கல்கத்தாவுக்கு எழுதினார். அரண்மனையில் பையனுக்குக் கம்பெனிச் சிப்பாய்களின் காவல் போடவைத்தார். வாத்தியார் ஏற்பாடு செய்தார். அதுவும் பாதுகாப்பில்லை என்றானபோது, 1793இல் சரபோஜியும் துளஜாஜியின் விதவை ராணிகளும் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே படிப்பைக் கவனித்துக்கொண்டவர் கெரிக்கே என்ற இன்னொரு ஜெர்மானிய மிஷனரி. ஆங்கிலம், கணக்கு, பூகோளம், ஐரோப்பிய அறிவியல் எல்லாம் பையனுக்கு அப்படித்தான் வந்தன. தத்து செல்லாதென்ற தீர்ப்பு தவறு என்று சுவார்ட்ஸ் விடாமல் வாதாடினார். பண்டிதர்களை மறுபடி கேட்டார்கள், தீர்ப்பு மாறியது.

இத்தனைக்கும் பிறகு சரபோஜி கிறிஸ்தவர் ஆனாரா என்றால், இல்லை. 1797 நவம்பரில் நோயுற்றிருந்த சுவார்ட்ஸைப் பார்க்க அவர் வந்தபோது, கிழவர் புத்தி சொன்னார்: நல்லபடி ஆட்சி செய், சிற்றின்பத்தில் விழாதே, கிறிஸ்தவர்களைத் துன்பப்படவிடாதே, நீயும் மெய்யான கடவுளைத் தேடு. கடைசியாகச் சொன்னது அவருடைய தீராத ஆசை. சரபோஜி உருகிப்போனார், அழுதார். போய்த் திருநீறு பூசிக்கொண்டார். பின்னாளில் 3,000 பேரோடு காசிக்கு யாத்திரை போய்வந்தார். இதைச் சுவார்ட்ஸின் தோல்வி என்று எழுதிய மிஷன் எழுத்தாளர்கள் உண்டு. அவர்கள் கணக்குப் புத்தகத்தைத் தவறான பக்கத்தில் திறந்தார்கள் என்றே தோன்றுகிறது.

சரியான பக்கம் ஒன்று தமிழ் இலக்கியத்தில் இருக்கிறது.

வேதநாயகமும் சரபோஜியும் மூன்று வயது வித்தியாசமுள்ளவர்கள், இளமைச் சிநேகிதர்கள். வேதநாயகத்தின் பெயர் பின்பு வேதநாயகம் சாஸ்திரியார் ஆயிற்று. 1800 வாக்கில் அவர் ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதினார். குறவஞ்சி என்றால் தெரிந்த சட்டகந்தான்: உலா வருகிற தலைவன், அவனைக் கண்டு காதல் கொள்ளும் தலைவி, மலைவளம் பாடிக் கைபார்த்துக் குறி சொல்லும் குறத்தி, பறவை பிடிக்கும் சிங்கன். சாஸ்திரியாரிடம் தலைவன் கிறிஸ்து. தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை. சிங்கன் வலைவீசிப் பிடிக்கும் பறவைகள் ஆன்மாக்கள். இது ஒரு புலவன் செய்யக்கூடிய மாற்றந்தான். வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. வானத்து மண்டலங்களையும் பூமியின் நாடுகளையும் பாடுகிற இடத்தில் சூரியனைச் சுற்றும் கோள்களும் பூகோளப் படத்திலிருந்து எடுத்த தேசங்களும் வருகின்றன. கோப்பர்னிக்கஸ் குறத்தியின் பாட்டுக்குள் புகுந்துவிட்டார்.

அதே காலத்தில் அரண்மனையில் மராத்தியில் ஒரு குறவஞ்சி உண்டாயிற்று. பெயர் ‘தேவேந்திரக் குறவஞ்சி’, ஆசிரியர் சரபோஜி. அங்கே குறத்தி பாடுவதும் உலகப் பூகோளம்: கண்டங்கள், நாடுகள், கடல்கள். ஒருவர் கிறிஸ்துவை நாயகனாக வைத்தார், மற்றவர் இந்திரனின் கதையை எடுத்துக்கொண்டார். ஆனால் இருவரும் ஒரே வாத்தியார்களின் வழியில் ஒரே பாடத்தைப் படித்தவர்கள் என்பது வரிக்கு வரி காட்டிக்கொடுக்கிறது. தகப்பன் ஒருவர்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு? ஐரோப்பியப் பாடத்தை ஐரோப்பிய வடிவத்திலேயே ஒப்பிக்காமல், தஞ்சைக் கூத்தின் வடிவத்தில் கொட்டவேண்டும் என்று இருவருக்குமே தோன்றியதும் கவனிக்கத்தக்கது. வளர்த்தவர் அவர்களைத் தன் நகலாக்கவில்லை.

சிநேகத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. பிரகதீசுவரர்மேல் பாட்டுப் பாடச் சொல்லி ராஜா கேட்டதாகவும், சாஸ்திரியார் மறுத்து அந்த இடத்திலேயே இயேசுவின்மேல் பாடியதாகவும், ராஜா கோபப்படாமல் விட்டதாகவும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தக் கீர்த்தனை இன்றும் கிறிஸ்தவ ஆலயங்களில் பாடப்படுகிறது. கதை நடந்ததோ இல்லையோ, ஒருவர் மாறமாட்டார் என்று மற்றவருக்குத் தெரிந்திருந்த ஒரு நட்பை அது சரியாகவே பிடித்திருக்கிறது.

சொத்தை எழுதிவைக்கும் தகப்பன் கடனையும் விட்டுப்போவான். சுவார்ட்ஸ் விட்டுப்போன கடன் சாதி. தஞ்சாவூர் ஆலயத்தில் வேளாளக் கிறிஸ்தவர்கள் ஒருபுறம், பறையர் கிறிஸ்தவர்கள் மறுபுறம் உட்கார்ந்தார்கள். திருவிருந்திலும் முந்தி யார், பிந்தி யார் என்பதில் முறை இருந்தது. சுவார்ட்ஸுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் வற்புறுத்தி மாற்றவும் இல்லை. மெதுவாக மாறும், கடிந்துகொள்ளக் கூடாது என்பது அவர் போக்கு. அவர் போய் ஒரு தலைமுறை ஆகியும் அது மாறவில்லை. 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் கலந்து உட்காரச் சொன்னபோது முதல் ஆளாக எதிர்த்து நின்றவர் வேதநாயகம் சாஸ்திரியார். சாதி வேற்றுமை ஊர் வழக்கம், விசுவாசத்துக்கு விரோதமல்ல என்று 1829இல் நூலே எழுதினார். கீர்த்தனையையும் தமிழ் இசையையும் புதியவர்கள் குறைத்துப் பேசியதும் அதே சண்டைக்குள் கலந்திருந்தது. அதில் நியாயம் அவர் பக்கம். சாதியில் நியாயம் அவர் பக்கம் இல்லை. ‘எங்கள் பழைய ஐயர் இதை அனுமதித்தார்’ என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வாதத்தின் சாரம். வளர்த்தவரின் பொறுமையைச் சட்டமாக்கிக்கொண்ட மகன்!

மறுபுறம் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்தத் தகப்பன் எப்படித் தெரிந்திருப்பார் என்பதைப் பாடிவைக்க அந்தப் பக்கத்தில் ஒரு சாஸ்திரியார் எழவில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதியை உடனே, முழுமையாகக் கைவிடவேண்டும் என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரில் பலர் சபையைவிட்டே போனார்கள். அதற்கு முன்பே, மிஷனில் சாஸ்திரியாரின் பிழைப்பு போன காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது அரண்மனை. சிவபக்தரான வளர்ப்புச் சகோதரர், கிறிஸ்தவப் புலவருக்குப் படியளந்தார்.

சரபோஜிக்கு வந்து சேர்ந்த கடன் வேறு வகை. சுவார்ட்ஸ் பட்டபாடெல்லாம் பலித்து 1798 ஜூனில் அவர் அரியணை ஏறினார். தகப்பன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அடுத்த ஆண்டே கம்பெனியோடு ஒப்பந்தம். சீமையின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்குப் போயிற்று. ராஜாவுக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் வருமானத்தில் ஒரு பங்கும். பிள்ளையைக் காப்பாற்றக் கம்பெனியின் கதவைத் தட்டியவர், அந்தக் கம்பெனி கூலி கேட்கும் என்று எதிர்பார்த்தாரா? கையில் ராஜ்யம் இல்லாத ராஜா, நூலகத்தைப் பெருக்கினார். தேவநாகரி அச்சகம் வைத்தார். தன்வந்திரி மகாலில் வைத்தியம் பார்க்கச்செய்தார். கண்நோய்களைப் படம் வரைந்து குறிப்பெழுதிவைத்தார். ஹாலேயில் அநாதை இல்லத்தோடு அச்சகமும் மருந்துச்சாலையும் இருந்தன என்று முன்னே சொன்னது இங்கே நினைவுக்கு வரலாம். அவர் அதைப் பார்த்துச் செய்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் ஹாலேயிலிருந்து வந்த மனிதர்களிடம் வளர்ந்தவர் அவர்.

சுவார்ட்ஸின் கடைசி நாள்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி உண்டு. மூச்சு அடங்கிவிட்டது என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த கெரிக்கே ஒரு ஞானப்பாட்டைப் பாடத் தொடங்கினார். இரண்டாவது அடியில் கிழவர் கண்மூடியபடியே கூடச் சேர்ந்து பாடினார். மெய்யாகவே அவர் இறந்தபின், சரபோஜி வந்து பார்க்கட்டும் என்று அடக்கத்தைத் தாமதித்தார்கள். அவர் வந்தார், அழுதார், உடல்மேல் பொன்சரிகைத் துணியைப் போர்த்தினார், கல்லறைவரை கூடவே நடந்தார். அரச குலத்தவர் பிணத்தருகே போவதையும், அதுவும் பரங்கியின் பிணத்தருகே போவதையும் அரண்மனைப் புரோகிதர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை நாமே ஊகிக்கலாம். கல்லறைக் கல்லில் செதுக்க ஆங்கிலத்தில் சில அடிகள் அவரே எழுதினார். அதில் சுவார்ட்ஸை அநாதைகளின் தகப்பன் என்றும் விதவைகளின் ஆதரவு என்றும் விளிக்கிறார். முடிவில், தகப்பனே, உமக்குத் தகுந்தவனாக நான் இருக்கவேண்டும் என்று தன்னை மகனாக்கி வேண்டிக்கொள்கிறார். 1806இல் தஞ்சாவூருக்கு வந்த கிளாடியஸ் புக்கானன் என்ற பாதிரியை ராஜா ஒரு படத்தின் முன் அழைத்துப்போனார். மராட்டிய மன்னர்களின் படங்களுக்கு நடுவே சுவார்ட்ஸின் படம் மாட்டியிருந்தது. மூதாதையர் வரிசையில்.

1801இல் சரபோஜி அனுப்பிய இரண்டு கடிதங்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. மே மாதக் கடிதம் லண்டனுக்கு, சுவார்ட்ஸை ஆதரித்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்துக்கு. என் தகப்பனும் நண்பனும் இளமையில் காவலனுமாக இருந்தவருக்கு ஒரு பளிங்கு நினைவுச்சின்னம் வேண்டும் என்று கேட்கிறது. பிரசங்க மேடைக்குப் பக்கத்துத் தூணில் அதைப் பதிக்க நினைப்பதையும், தூணின் அகலம் ஏறக்குறைய இரண்டு முழம் என்பதையும் சொல்லி, அதற்கேற்பச் செய்தனுப்பச் சொல்கிறது. பிளாக்ஸ்மனின் சிற்பம் அந்தக் கடிதத்தில் பிறந்தது.

மற்றக் கடிதம் அதற்குச் சில மாதங்கள் முந்தியது, ஜனவரியில் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதியது. சீமை கைமாறியபின், தஞ்சை ராஜாக்கள் காலங்காலமாக நடத்திய சத்திரங்களையும் கம்பெனி எடுத்துக்கொள்ளுமோ என்ற கவலையில் எழுதிய கடிதம். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், சத்திரத்தை விட்டுவிடுங்கள் என்ற தொனி. அங்கே என்னென்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: வழிப்போக்கருக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து, பிள்ளைபெறும் பெண்ணுக்குக் கவனிப்பு, நான்கு வேதங்களுக்கும் வாத்தியார். சத்திரத்துக்கு வந்த வெளியூரார் பிள்ளைகள் பெற்றோரை இழந்தால் அவர்களை வாத்தியார் பொறுப்பில் விடவேண்டும். மூன்று வேளையும் சாப்பாடு போடவேண்டும். நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துவிட வேண்டும்.